ஹனூர் மண்கரையும் வாடகைக்கு வந்த ஜேசிபியும்

ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கேட்டபோதே ஜெயந்தியின் முகம் சரியில்லை. மைசூரில் என்னோடு ஒரே வார்டில் வேலை செய்யும் நர்ஸ் அவள். ஹனூருக்கு அப்பால் அவளுடைய அண்ணன்கள் இருவரும் பாகம் பிரிக்கிறார்கள். அளந்து பிரிக்க வசதியாக, நிலத்தின் நடுவே ஓடும் பழைய மண்கரையை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தப் போகிறார்கள். ஜெயந்தி சொல்லக் கேட்டு நான் நெடுநாளாகப் பார்க்க ஆசைப்பட்ட கரை அது. போன மாதம் அவளோடு நானும் கிளம்பிவிட்டேன்.

மைசூரிலிருந்து கொள்ளேகால் சுமார் அறுபது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹனூர் இருபத்தைந்து. கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோதான், இருநூறு ரூபாய். "மேட்ட எடுக்கற மிசினு காலைலயே போயிருச்சுங்" என்று டிரைவர் சொன்னதும் ஜெயந்தி அவரை வேகமாக ஓட்டச் சொன்னாள். கரை போயிருக்கும் என்றே நினைத்தேன்.

கரை இருந்தது. ஆள் உயரத்தில், அரை கிலோமீட்டர் நீளத்துக்கு, முழுசாக. அப்பாடா என்று இருந்தது. பக்கத்திலேயே பெருங்கற்காலக் கல்வட்டங்கள் இருக்கின்றன. மேய்ச்சல் நிலத்தையும் விளைநிலத்தையும் பிரிக்க அந்த மக்களே இதைப் போட்டிருக்கலாம் என்பது என் ஊகம். யாரும் தோண்டிப் பார்த்ததில்லை.

"என்னண்ணா, இடிக்கலியா?" என்றாள் ஜெயந்தி.

பெரியண்ணன் தலையைச் சொறிந்தார். அந்த ஊரில் மண்ணில் இரும்பு படுவதற்கு முன் ஒரு பிடி மண்ணைக் கரைமேல் வைப்பது வழக்கம். ஏர் ஓட்டினாலும் சரி, போர்வெல் போட்டாலும் சரி.

"மிசினு வந்துச்சு. பழக்கத்துல ஒரு பிடி மண்ண எடுத்து வெச்சேன் அம்மிணி. நிமுந்து பாத்தா அந்தப் பக்கம் சின்னவனும் வெக்கறான். வெச்ச கையோட எப்படி இடிக்கறது?"

ஒரு வருஷமாகப் பேசாதவர்கள் அங்கேயே சிரித்துவிட்டார்களாம். வந்த ஜேசிபியைச் சும்மா அனுப்புவானேன் என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு குட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை மழையில் இது எப்படிக் கரையாமல் நின்றது என்று முன்பு யோசித்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக்காரர்களும் வருஷம் தவறாமல் மண் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். கரைமேல் ஏறாதீர்கள், அங்கே கிடக்கும் பழைய பானை ஓடுகளைப் பொறுக்காதீர்கள். கடை எதுவும் கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் கட்டிப்போன தயிர்சாதத்தைப் பிரிக்கவே இல்லை. பெரியண்ணன் வீட்டில் எல்லோருக்கும் இலை போட்டார்கள். சின்னண்ணனும் வந்து உட்கார்ந்தார். "அண்ணனுக்கு இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்துங்க அண்ணி" என்றார்.

ஜெயந்தி அப்போதுதான் அழுதாள்.