அறை பார்க்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் முன்னறையை மகளுக்கு விட்டுவிட்டுப் பின்னறைக்கு மாறிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முந்திய கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து அந்த அறையைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் சும்மா எட்டிப் பார்ப்பதல்ல. அலுமாரியைத் திறந்து மூடுவார்கள், மெத்தையை அமுக்குவார்கள், திரைச்சீலையைப் பிடித்துத் துணியின் தரம் பார்ப்பார்கள். பிறகு ஊர் முழுக்க அறையைப் பற்றித்தான் கதை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் அறையை என் விருப்பத்துக்குச் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நான் கல்முனையில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். வகுப்பறைச் சுவர் முழுக்கப் படமும் அட்டையும் தொங்கும், பிள்ளைகளின் இரைச்சலில் காது அடைத்துப்போகும். வீட்டுக்கு வந்தால் கண்ணாவது ஓய வேண்டும் என்று நினைத்தேன். சுவருக்கு மணல் நிறப் பெயின்ட், தாழ்வான ஒரு கட்டில், மருதமுனைத் தறித்துணியில் திரைச்சீலை, நிலத்தில் ஒரு பன்பாய், மூலையில் ஒரு விளக்கு. உடுப்புக்குச் சுவரோடு கட்டிய தட்டுகள். அவ்வளவுதான்.

உம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"மூணு கதவு அலுமாரி இல்லாம, கண்ணாடி மேச இல்லாம, என்ன அறை மகள் இது? பள்ளிவாசல் மாதிரி வெறுமையா இரிக்கி."

"மனசு அடங்குறத்துக்குத்தான் உம்மா."

"வாறவங்கட வாய் அடங்கணுமே."

இருந்தாலும் விட்டுக்கொடுத்தார். நான் கடைக்குட்டி. என் பிடிவாதத்துக்கு விட்டுக்கொடுத்தே பழகிப்போனவர்.

அறை பார்க்க வந்தார்கள். வருங்கால மாமி முன்னால், மாப்பிள்ளையின் அக்கா தங்கையான மச்சிமார் பின்னால், அவர்களுக்குப் பின்னால் யார் யாரோ. உள்ளே வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், பாயைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். திறந்து மூட ஒன்றும் இல்லாததால் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் பெரிய மச்சிதான் கேட்டார்.

"சாமான் இன்னும் வரல்லையா?"

இதுதான் அறை, இப்படித்தான் எனக்குப் பிடிக்கும் என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். உம்மாவிடம் அவ்வளவு வாய் காட்டியவளுக்கு அப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்களின் கண்ணால் பார்த்தபோது என் அறை எனக்கே ஏழை அறையாகத் தெரிந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொன்னால் நோன்பு போய்விடும் என்று நோன்பில்லாத நாளிலும் பயப்படும் உம்மாதான் பதில் சொன்னார்.

"ஓம். கடையில செல்லி இரிக்கி. வரும்."

சொன்னால் வரத்தானே வேண்டும். வந்தது, பின்னறையிலிருந்து. உம்மாவின் கல்யாணத்துக்கு வந்த தேக்கு அலுமாரியும் கண்ணாடி மேசையும் புதுப் பொலிஷ் பூசிக்கொண்டு என் அறைக்குள் ஏறின. கண்ணாடியைச் சுற்றிச் செதுக்கிய பூங்கொடியில் ஒரு பூ மட்டும் உடைந்திருந்தது. பொலிஷ்காரர் எவ்வளவோ பார்த்தும் அதை மறைக்க முடியவில்லை. உம்மாவின் சீலைகளும் வாப்பாவின் சாரன்களும் பிஸ்கட் வந்த காட்போட் பெட்டிகளுக்குள் போயின. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்தது. அறைக்குள் ஒருவர் நடந்தால் மற்றவர் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும். கணவர் மேசைக்காலில் விரலை இடித்துக்கொள்ளாத நாளில்லை. புது மாப்பிள்ளை என்பதால் சத்தம் போடாமல் முகத்தை மட்டும் சுளிப்பார்.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் மாமி வந்தார். அசர் தொழ வேண்டும் என்றார். என் அறையில் தொழுகைப் பாய் விரிக்க இடமில்லை. நான் தடுமாறிக்கொண்டு நிற்க, மாமி தானாகவே பின்னறைக்குப் போய்விட்டார். உம்மாவும் நானும் வாசலில் நின்றோம். உள்ளே வெறும் சுவர், ஒரு பாய், சன்னலால் வரும் கடற்காற்று, சுவரோரமாகப் பெட்டிகள்.

தொழுது முடித்த மாமி எழும்பவில்லை. பாயில் இருந்தபடியே சொன்னார்.

"இந்த அறைக்குள்ள மனசு நல்லா அடங்குது." பிறகு பெட்டிகளைப் பார்த்துவிட்டு உம்மாவின் பக்கம் திரும்பினார். "அலுமாரி ஒண்டு எடுக்கல்லையா ராத்தா?"

"ஓம்," என்றார் உம்மா. "கடையில செல்லி இரிக்கி."

அதே பொய். இரண்டாவது முறையும் எனக்காகவே. என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல மாமி. கடையில ஒண்டும் செல்லல்ல. உம்மாட சாமான்தான் என்ட அறைக்குள்ள இரிக்கி. அறை வெறுமையா வேணுமெண்டு சென்னது நான்தான்."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை.

"எனக்குத் தெரியும் மகள். நான் குமரா இரிக்கக்குள்ள மாப்பிள வீட்டாக்களோட உங்கட உம்மாட அறை பாக்க வந்த நான். நாங்க நெருக்கி அடிச்சுப் பாக்கப் போய்த்தான் அந்தக் கண்ணாடிப் பூ உடைஞ்ச. தெரிஞ்சதாலதான் எந்தக் கடையெண்டு இவ்வளவு நாளும் நான் கேக்கல்ல."

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விட்டார். விருந்தாளியை விட்டுவிட்டு உம்மா இப்படிப் போய் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமி மூடி வைத்திருந்ததை நான் போட்டு உடைத்தேன். அன்றைக்கு வாயை மூடி உம்மாவை வெட்கப்படுத்தினேன், இன்றைக்கு வாயைத் திறந்து வெட்கப்படுத்தினேன். இரண்டிலும் நான் பார்த்தது என் சௌகரியத்தை மட்டும்தான்.

மறுநாளே அலுமாரியைத் திருப்பித் தூக்க ஆள் பிடித்தேன். உம்மா கதவை மறித்து நின்றுகொண்டார்.

"உனக்கெண்டு தந்த சாமான் அது. தந்தத ஆரும் திருப்பி எடுப்பாங்களா?"

அது அங்கேயேதான் நிற்கிறது. பாடசாலை விட்டு வந்ததும் நான் என் அறையில் தங்குவதில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே பின்னறைக்குப் போகிறேன். அங்கேதான் எனக்குத் தூக்கம் வருகிறது. பாயில் கண்ணயர்ந்து கிடக்கும் உம்மா என் காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே சுவரோரம் தள்ளிப் படுத்து எனக்கு இடம் விடுகிறார்.