செவ்வாய்க்கிழமைத் தட்டு

நான் எழுதிய டிவி தொடரை நான் பார்த்தது பக்கத்து வீட்டில்தான். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எனக்கு ஓர் ஒற்றை அறை வீடு. அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும். டிவி வாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து பார்ப்பதற்கு அது எதற்கு என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணி ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவேன்.

அந்த வீட்டுக்காரர் தொழிற்சங்கக்காரர், லேத் ஓட்டுபவர். அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். வீட்டுக்காரரின் மனைவி எனக்கும் ஒரு பாய் போட்டு வைத்திருப்பார். நான் எழுதிய வசனம் வந்தால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், கூடவே கொஞ்சம் தலைக்கனமும் ஏறும்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு பெண் வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் அவள் ஒரு ஆளுக்குச் சமைத்து, தட்டை எடுத்து வைத்து, கதவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். வசனம் கிடையாது. “சாப்பிடறதெல்லாம் ஒரு சீனா?” என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். அதை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சண்டை போட்டேன். அந்தக் காட்சிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பதின்மூன்று வாரம்தான் அனுமதி. பத்தாவது வாரம் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் இருந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அந்த நேரத்துக்கு டெல்லியிலேர்ந்து ஒரு இந்தித் தொடர் தயாரா இருக்கு. நம்ம தமிழ்த் தொடர் இன்னும் பதின்மூணு வாரம் போகணும்னா நேயர்கள் கேக்கணும். கடிதம் வருதான்னு பாப்போம்.” நல்ல மனிதர். தமிழில் நாடகம் வர வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர்.

வாடிய முகத்தோடு வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“இன்னா அண்ணாத்தே, மூஞ்சி தொங்கிப் போய் கீது?”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “கடுதாசிதானே? இதுக்கா இப்டி உக்காந்துகினு கீற? ஒரு வாரம் குடு. நம்ம ஆளுங்க ஒண்ணு சேந்து கேட்டு எதுனா கெடைக்காம போயிருக்கா?”

கிடைக்காமல் போனதில்லைதான். தண்ணீர்க் குழாய், பஸ் நேரம், கேண்டீன் சாம்பார் என்று எதுவானாலும் சங்கத்தின் வழி ஒன்றுதான். ஒருவர் மாதிரிக்கு ஒரு மனு எழுதுவார், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதுவார்கள். ஒரு சொல் மாறினாலும் நிர்வாகம் அதைப் பிடித்துக்கொண்டு ஆளைப் பிரித்துவிடும் என்பது அவர்கள் பட்டுக் கற்ற பாடம். எத்தனை பேர் எழுதினாலும் ஒரே குரலாக இருக்க வேண்டும்.

இந்த முறை மாதிரியைப் பக்கத்து வீட்டுக்காரரே எழுதினார். ‘மதிப்பிற்குரிய அய்யா, பொருள்: செவ்வாய்த் தொடரை நீட்டித்து வழங்கக் கோருதல்’ என்று ஆரம்பித்து ‘ஆவன செய்யுமாறு பணிவன்புடன்’ என்று முடித்தார். நானும் குமாஸ்தாதானே, எனக்கும் அது பிரமாதமாகவே பட்டது. திருநெல்வேலிக்காரர், தருமபுரிக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லோரும் மதிய உணவு நேரத்தில் குனிந்து எழுதினார்கள். தொடரைப் பார்க்காதவர்களும் எழுதினார்கள். கட்டுக்கட்டாகப் போஸ்ட் கார்டுகள் தொழிற்சாலை வாசலில் இருந்த ஒரே பெட்டியில் விழுந்தன. எனக்காக இத்தனை பேரா என்று அன்று அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது வாரம் அதிகாரி மறுபடி கூப்பிட்டார். மேசை மேல் அத்தனை கார்டுகளும் இருந்தன. சீட்டுக்கட்டைப் போல ஒன்றன் கீழ் ஒன்றாக விரித்துக் காட்டினார். ஒரே தபால் முத்திரை, ஒரே ‘பொருள்’, ஒரே ‘ஆவன செய்யுமாறு’.

“என்ன சார் இது? மனுவா, கடிதமா? உங்க தொழிற்சாலைக்கு அனுப்பி யார் எழுதினாங்கன்னு விசாரிக்கச் சொல்லட்டுமா?”

அனுப்பினால் அவ்வளவு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வரும். “வேண்டாம் சார். எல்லாம் என் ஏற்பாடுதான்” என்றேன். எனக்காக எழுதியவர்கள்தானே, அதுவரை நான் சொன்னது கிட்டத்தட்ட உண்மைதான்.

அவர் பெருமூச்சு விட்டு, கட்டுக்கு அடியிலிருந்து நீல நிற இன்லண்ட் லெட்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். அனுப்புநர் இடத்தில் ‘ஒரு நேயர், நூம்பல்’ என்று மட்டும் இருந்தது. படித்தேன்.

‘நான் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து வைத்தால் என் அறையிலிருந்தே அவர்கள் டிவி தெரியும். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் தட்டை வைக்கும்வரை நான் சாப்பிட மாட்டேன். அவள் உட்கார்ந்ததும் நானும் உட்காருவேன். வாரத்தில் அந்த ஒரு நாள் நான் தனியாகச் சாப்பிடுவதில்லை. பதில் வேண்டாம். நிறுத்தாமல் இருந்தால் போதும்.’

“இதுல மட்டும் எழுத்தாளர் கை தெரியுது. அருமையான எழுத்து. இதுவும் நீங்கதானே?” என்றார் அதிகாரி.

“ஆமாம் சார், அதுவும் நான்தான்.”

அவமானத்தில் வாய் குழறிவிட்டது என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லி வந்தேன். பொய். அவர் பாராட்டினார், அது எனக்குப் பிடித்திருந்தது. அன்று அந்த மேசையின் முன்னால் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பாராட்டுதான். அதை இன்னொருவருக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

அவர் கடிதத்தை வாங்கிக் கட்டோடு சேர்த்து நாடாவால் கட்டினார். “நிஜமா ஒரு நேயர் எழுதின கடிதம் ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தாக்கூட மேலிடத்துல பேசிப் பாத்திருப்பேன் சார்” என்றார்.

வாயைத் திறந்தேன். இது நிஜம் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? மூடிக்கொண்டேன்.

பதின்மூன்றாவது வாரத்தோடு தொடர் முடிந்தது. “டெல்லிக்காரன் சதி” என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். “அடுத்த தபா ரெண்டு மடங்கு கார்டு போடலாம், நீ கவலப்படாத” என்றார். அவரிடம் அந்த நீலக் கடிதத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பூந்தமல்லி போய், பஸ் மாறி, வேலப்பன்சாவடியில் இறங்கி நூம்பலுக்கு நடந்தேன். பாதி வயலும் பாதி செங்கல்லுமாகக் கிடந்தது ஊர். பெயர் தெரியாத ஒருவரை என்னவென்று விசாரிப்பது? ஏழரை மணிக்கு வீட்டுக்கு வீடு இந்தி கேட்டது. ஒரு வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. எதிரே இருந்த சின்ன அறையில் விளக்கு எரிந்தது, கதவு சாத்தியிருந்தது. அது அவருடைய அறையா, வேறு யாருடையதா, எனக்குத் தெரியாது. தட்டியிருக்கலாம். தட்டினால் யார் என்று கேட்பார்கள். ‘உங்கள் கடிதத்தை நான் எழுதியதாகச் சொன்னவன்’ என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று இரவு நூம்பலில் ஒருவர் தட்டை வைத்துக்கொண்டு யாருக்காகக் காத்திருந்திருப்பார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.