தங்கை உருப்போட்ட வினைச்சொல்

என் தங்கை மாதுங்காவில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. மழைக்காலத்தில் ஒரு காலை, செம்பூர் வீட்டில் டப்பாவுக்குள் சப்பாத்தியை மடித்து வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சமையல் மேடைமேல் சாய்ந்தாள். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு என்றார்கள். வலது கை விழுந்தது, வலது காலுக்குப் பின்னால் பாதி பலம் திரும்பியது, பேச்சு போயிற்று. கைக்காகவும் காலுக்காகவும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அவள் மணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்த பிறகு நான் அவளோடுதான் இருக்கிறேன். ஆகவே ஆஸ்பத்திரியிலும் நான்தான் இருந்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைப் பார்ப்பாள். "தண்ணி" என்ற சொல் வராது. ஆனால் பாஸ்டர் வந்து தலைமாட்டில் நின்று ஜெபத்தைத் தொடங்கியதும், இவளும் கூடச் சேர்ந்து கடைசி ஆமென் வரைக்கும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். பாஸ்டர் அதை அற்புதம் என்றார். டாக்டர், இது வழக்கம்தான் என்றார். சிறு வயதிலிருந்து தொடர்ச்சியாகச் சொல்லிப் பழகியவை மூளையில் வேறு வழியாக வருமாம். ஒன்று, இரண்டு எண்ணுவதும் அப்படித்தான், வசவும் அப்படித்தான். வசவு உண்மையிலேயே வந்தது. ஊசி போட வந்த நர்ஸைத் தாராவி ஹிந்தியில் தெளிவாகத் திட்டினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். நர்ஸ் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

தீபாவளிக்குள் தமிழ் துண்டு துண்டாகத் திரும்பியது. பிறர் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கியது, ஆங்கிலம் உட்பட. வாய் வழியே வெளியே வருவதில்தான் ஆங்கிலம் இல்லை.

விடுப்பு முடியப்போவதாகப் பள்ளியிலிருந்து சொன்னார்கள். தலைமையாசிரியை நல்லவர். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும், பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். நடத்த முடிந்தால் ஜனவரியில் சேரலாம். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கும்.

பாடத்தைத் தங்கையே தேர்ந்தெடுத்தாள். புத்தகத்தை இடது கையால் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள். 'வீவ்' என்ற வினைச்சொல், அதன் பொருள்கள், அதே பொருள் தரும் பிற சொற்கள். வருடா வருடம் அவள் விரும்பி நடத்தும் பாடம் அது. தமிழில் துணியை நெய்கிறோம், கூடையை முடைகிறோம், சடையைப் பின்னுகிறோம், பூவைத் தொடுக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். ஆங்கிலத்தில் இவற்றில் பலவற்றுக்கு அந்த ஒரு சொல்லே போதும். கதையைப் புனைவதற்கும் அதுதான். நெரிசலில் மோட்டார் பைக் ஓட்டுகிறவன் வளைந்து வளைந்து போவதற்கும் அதுதான். பக்கத்தில் 'பிரெய்ட்', 'என்ட்வைன்', 'இன்டர்லேஸ்' என்று சுற்றத்தார். பாவு நூலுக்கு ஊடே ஊடை நூல் போவதைக் காட்ட இரண்டு கைவிரல்களையும் கோத்துக் காட்டுவாளாம். இப்போது வலது விரல்களை இடது கையால் பிரித்துவிட்டுத்தான் கோக்க முடிந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த மராத்திப் பெண் ஒரு படத்தை வைத்து, இது என்ன, எதனால் செய்வது, எங்கே பார்த்தீர்கள் என்று பேச்சுக் கொடுப்பாள். தறிப் படத்தைக் காட்டினால் தங்கை "ஊசி" என்பாள், தப்பு என்று தெரிந்து தலையை ஆட்டுவாள், "சேலை" என்பாள், பிறகு வாயை மூடிக்கொள்வாள். இப்படி ஒரு வாரம் போனபின் படங்களை ஒதுக்கிவிட்டுப் பாடத்தை எழுதித் தரும்படி எனக்குச் சைகை காட்டினாள். உருப்போடப் போகிறாள் என்று புரிந்தது.

"ரட்டா மத் மாரோ, தீதி. பாத் கரோ," என்றாள் அந்தப் பெண். மனப்பாடம் வேண்டாம், பேசுங்கள் என்று கெஞ்சினாள்.

"பேச்சு... வரல," என்றாள் தங்கை. தாளைத் தட்டினாள். "இது... வரும்."

அவள் நினைத்ததில் நியாயம் இருந்தது. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நாங்கள் ஆங்கிலம் கற்றதே அப்படித்தான். டீச்சர் ஒரு சொல்லும் அதன் அர்த்தமும் சொல்வார். வகுப்பு மொத்தமும் கூரை அதிரத் திருப்பிச் சொல்லும். அர்த்தம் பின்னால் எப்போதாவது வந்து சேரும். ஜெபம் வந்த வழியாகவே பாடமும் வந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். வந்தும்விட்டது. டிசம்பர் தொடக்கத்தில் பாடம் முழுவதையும் நிற்காமல் சொன்னாள். பழைய குரல், பழைய உச்சரிப்பு. சமையலறையிலிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

ஒரு குறைதான். நடுவில் நின்றால், நின்ற இடத்திலிருந்து தொடர முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஏட்டி, நிப்பாட்டுன எடத்துலேருந்து சொல்லு," என்றேன். "ரயிலு குர்லாவுல நின்னா திரும்ப பொறப்பட்ட சி.எஸ்.டி.க்கா போவும்?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முதலிலிருந்து தொடங்கினாள்.

நான் மாணவியாக உட்கார்ந்து தொந்தரவு கொடுத்துப் பார்த்தேன். "டீச்சர், இவ என் சடையப் புடிச்சு இழுக்கா!"

"வெளிய... போ," என்றாள். அதற்குமேல் பாடம் ஓடவில்லை. மறுபடி முதல் வரி.

குறித்த நாளில் டாக்ஸி பிடித்துப் போனோம். சயானுக்குத் தெற்கே ஆட்டோ வராது. இரண்டாம் மாடிக்குக் கைப்பிடியைப் பற்றி ஏறினாள். பிள்ளைகள் எழுந்து நீட்டி முழக்கி வணக்கம் சொன்னார்கள். அவளும் பதில் சொன்னாள். நான் பையோடு பின்வரிசையில் தலைமையாசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாடம் நன்றாகவே போயிற்று. விரல்களைக் கோத்துக் காட்டினாள். பைக் ஓட்டுகிறவன் வளைவதைத் தோளால் காட்டியபோது வகுப்பு சிரித்தது. முடித்தாள். அப்போது ஜன்னலோரச் சிறுமி ஒருத்தி கை தூக்கி, மீன்வலை செய்வதற்கும் இந்தச் சொல் வருமா டீச்சர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நல்ல கேள்வி. தங்கைக்குப் பதில் தெரியும், முகத்திலேயே தெரிந்தது. தலையை ஆட்டினாலோ, ஒரு சொல் சொன்னாலோ போதும். அவள் வாயைத் திறந்தாள். வந்தது பாடத்தின் முதல் வரி.

மறுபடி நடத்துகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் கூடவே சொன்னார்கள். அவள் நிறுத்தி, மூச்சு வாங்கி, சிறுமியைப் பார்த்து மீண்டும் முயன்றாள். மீண்டும் முதல் வரி. இந்தமுறை வகுப்பு உற்சாகமாகக் கத்தியது. சிறுமியின் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. மூன்றாம் முறை சிறுமி கையை இறக்கிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினாள்.

மணி அடித்தது.

"கொழந்தைகள் என்ன கணீர்னு சொல்றதுகள் பாத்தேளா?" என்றார் தலைமையாசிரியை, தன் அறையில். "க்ளாஸ் இன்னும் அவ கையிலதான் இருக்கு. ஜனவரியில வரட்டும். முதல்ல சின்ன க்ளாஸ் தரேன்."

நான் இரு கையும் கூப்பிவிட்டேன். தங்கை கூப்பவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொற்களைத் தேடினாள். தலைமையாசிரியை பொறுமையாகக் காத்திருந்தார்.

"பிள்ள... கேட்டா," என்றாள். "நான்... சொல்லல."

"அதெல்லாம் போகப்போகச் சரியாயிடும்மா."

தங்கை கழுத்திலிருந்த பள்ளி அடையாள அட்டையை இடது கையால் கழற்றினாள். நாடா காதில் மாட்டியது. நான் விடுவிக்கப் போகவில்லை. அவளே விடுவித்து மேசைமேல் வைத்தாள்.

டாக்ஸியில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அவுகளே வரச் சொல்லுதாக. ஒனக்கு என்ன கேடு? சும்மா தலைய ஆட்டிட்டு வந்திருக்கலாம்லா? அந்தப் பிள்ள வீட்டுக்குப் போயி மறந்திருக்கும்."

அவள் சாலையைப் பார்த்தபடி வந்தாள். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் சொன்னாள். "மறக்காது."

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தை நான் எழுதினேன். உடல்நலம் தேறினால் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். பேனாவை இடது கையில் வாங்கினாள். கையெழுத்துப் போடப் போகிறாள் என்று தாளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்தக் கடைசி வரியை அடித்தாள். கோடு கோணலாகப் போய்ப் பாதிச் சொற்கள் மிச்சமிருந்தன. திரும்ப வந்து அவற்றையும் அடித்தாள்.

நான் வேறு தாள் எடுத்து, அந்த வரி இல்லாமல், மறுபடி எழுதினேன்.