வாசலில் ஒரு வெட்டிவேர்ப் புதர்

போன ஞாயிறு என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? வாசலில், முழங்கால் ஆழக் குழிக்குள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு! எல்லாம் ஒரு புல்லால் வந்த வினை.

வெட்டிவேர் ஒரு புல் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடையில் விற்கிற வேரைப் பார்த்திருப்போம். மேலே இருக்கிற செடியை யார் பார்த்தது?

சில வருஷம் முன்பு என் மச்சான் சேகர், மனைவியின் தம்பி, கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிடி நாற்று கொண்டுவந்து எங்கள் சிதம்பரம் வீட்டு வாசலில் நட்டான். இப்போது அது என்னைவிட உயரம். இலைகள் ஒடுக்கமாக, விறைப்பாக... ஓரத்தில் விரல் பட்டால் சுருக்கென்று கிழிக்கும். உச்சியில் ஊதாவும் பழுப்புமாகப் பூங்கதிர். இலையைக் கசக்கி முகர்ந்தால் ஒரு மணமும் கிடையாது. மணமெல்லாம் மண்ணுக்குள்! ஆனால் நல்ல பிள்ளை. அருகம்புல் மாதிரி கண்ட இடத்துக்கும் ஓடாது. நட்ட இடத்திலேயே தூர் கட்டிப் பருக்கும்.

"வர்றவங்க மொதல்ல இந்தப் பொதரத்தான் பாக்கணுமா? பாம்பு இருக்கும்னு பயந்தே திரும்பிடுவாங்க. எடுத்துடுங்க" என்றாள் மனைவி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தைய வரன், வீடு சுமார் என்று தட்டிப்போயிருந்தது. இந்தப் பண்ருட்டிப் பையனை மகளுக்கும் பிடித்திருந்தது. இதுவும் போய்விட்டால்?

மச்சானைக் கூப்பிட்டேன். "அட, இதுக்கா மாமா பயப்படுறீங்க? சுத்தி லேசா நோண்டிட்டு ஒரு இழுப்பு... கையோட வந்துடும்" என்றான்.

வரும்தான். அவன் ஊர் கடலோர மணலில்! எங்கள் வாசலில் இருப்பது களிமண். அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மெல்லிய வேர்கள், கொத்துக் கொத்தாக, பக்கவாட்டில் போகாமல் நேரே கீழே இறங்கியிருந்தன. நானும் மச்சானும் குழிக்குள் இறங்கிக் கடப்பாரை போடப் போட வாசனைதான் மேலே வந்தது. வேர் வரவில்லை.

சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ராகு காலம் முடிந்து வருவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். ராகு காலத்துக்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்!

கார் வந்து நின்றது. எங்களுக்குக் குழியிலிருந்து ஏறக்கூட நேரமில்லை. பையனின் அப்பா பலாப்பழ வியாபாரி. குழியருகே வந்து பார்த்தார். சட்டையைக் கழற்றி மகனிடம் கொடுத்தார்.

"நீங்க அந்தப் பக்கம் புடிங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தானும் இறங்கி இழுத்தார். ம்ஹூம்! மூன்று பேரும் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டோம்.

அவர் மனைவி அறுந்து கிடந்த ஒரு வேரை எடுத்து முகர்ந்தார். "வாசல்லயே இவ்ளோ மணத்த வெச்சிக்கிட்டு யாராவது புடுங்குவாங்களா?"

"அதத்தாங்க காலையிலேருந்து நானும் இவுங்ககிட்ட சொல்றேன்!" என்றாள் என் மனைவி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பூ வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நாம் எதை மறைக்கப் பாடுபடுகிறோமோ, வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்த்தும் பிடித்துப்போனால் அப்புறம் என்ன கவலை?

புல் அங்கேயே நிற்கிறது. "கல்யாணத்துக்குப் பந்தக்கால் எங்க நடலாம், மச்சான்?" என்று கேட்டேன்.

"எங்க வேணா நடுங்க மாமா... குழி நோண்ட மட்டும் என்னக் கூப்புடாதீங்க!"