ரஸ்க் குடும்பத்தின் அம்பத்தூர்க் கிளை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், மிஷின் ஷாப்பில் மட்டும் என் பெயரில் நான்கு பேர் இருந்தோம். முருகனுக்கு எத்தனையோ பெயர்கள் இருக்க, நான்கு வீட்டிலும் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டது எங்கள் குற்றமில்லை. இனிஷியலாவது வேறாக இருந்ததா என்றால், இரண்டு பேருக்கு அதுவும் ஒன்றுதான். ஷாப்பில் யாரும் இதைச் சிக்கலாக நினைக்கவில்லை. லேத்தில் நிற்பவன் லேத்து, ட்ரில்லிங்கில் நிற்பவன் ட்ரில்லு, ஆவடியிலிருந்து வருபவன் ஆவடி. நான் வந்தது அண்ணனூரிலிருந்து. ‘அண்ணனூர்’ என்று கூப்பிட்டால் அண்ணன் என்று மரியாதை கொடுப்பதுபோல் ஆகிவிடும் என்பதால் ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. ‘டேய்’ என்றார்கள். நானும் திரும்பினேன்.

எண்பதுகளின் நடுவில் கம்பெனிக்கு ஸ்வீடனிலிருந்து ஒரு பெரிய மிஷின் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஒரு என்ஜினியரும் வந்தார். நிலைப்படியில் குனிந்து வரவேண்டிய உயரம். வெயிலில் அரைமணி நேரம் நின்றால் ஆள் தக்காளிப்பழம். மிகவும் மரியாதையானவர். வந்த அன்றே ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த மிஷினுக்கு என்று ஒதுக்கிய ஆறு பேரில் எங்கள் நான்கு பேரையும் போட்டிருந்தார்கள். ஒரே பெயரை நான்கு தடவை எழுதியவர், அது பெயரில்லை, ‘ஹெல்பர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் என்று முடிவுசெய்துகொண்டாராம். பிறகு ஒருநாள் மேனேஜரிடமே போய் அந்தப் பெயரைச் சொல்லி, “எனக்கு இன்னும் இரண்டு வேண்டும்” என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது.

இரண்டாவது வாரம் எண்ணெய்க் குழாய் பிய்த்துக்கொண்டது. அவர் மிஷினுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேராக எண்ணெய் பீய்ச்சி அடித்தது. பம்பை நிறுத்தச் சொல்லி எங்கள் பெயரைச் சொல்லி அலறினார். நான்கு பேரும் நான்கு பக்கத்திலிருந்து ஓடினோம். பம்புக்கு ஒரே பட்டன். ஒரு அமுக்கு அமுக்கினால் நிற்கும், மறுபடி அமுக்கினால் ஓடும். லேத்து முதலில் வந்து நிறுத்தினான். ட்ரில்லு வந்து ஓடவிட்டான். ஆவடி வந்து நிறுத்தினான். கடைசியாக வந்தவன் நான்.

வெள்ளைக்காரர் வெளியே வந்தபோது தலைமுதல் கால்வரை பளபளவென்று இருந்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மறுநாள் பத்துமணி டீயின்போது எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சூப்பர்வைசர் தமிழில் சொல்லச்சொல்ல, அவர் ஒரு கதை சொன்னார். அவர்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் குடும்பப்பெயர் கிடையாதாம். இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். பெயர்களும் கொஞ்சம்தான். இதனால் பட்டாளத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப்பேர் திரும்பினார்கள். சண்டை நேரத்தில் அது ஆபத்து. ஆகவே அதிகாரி ஆளுக்கொரு சின்னச் சொல்லைப் பெயராகக் கொடுத்துவிடுவாராம். வாள், கேடயம், தைரியசாலி, இப்படி. கத்திக் கூப்பிட வசதியாக ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கவேண்டும் என்பதுதான் விதி.

“நேற்று எனக்கு நடந்ததும் சண்டைதான்” என்று சொல்லிவிட்டு, அங்கேயே எங்கள் நான்கு பேருக்கும் பட்டாளப்பெயர் வைத்தார். லேத்துக்கு வாள். ட்ரில்லுக்குக் கேடயம். ஆவடிக்கு ஏதோ நிதானமானவன் என்று. எனக்கு ‘ரஸ்க்’. அவர்கள் பாஷையில் அதற்கு வேகமானவன், சுறுசுறுப்பானவன் என்று பொருளாம்.

“கடைசியா வந்தவனுக்காங்க அந்தப் பேரு?” என்று ஆவடி கேட்டான்.

சூப்பர்வைசர் அதை மொழிபெயர்த்ததும் வெள்ளைக்காரர், “பட்டாளத்திலும் அப்படித்தான்” என்றார்.

மற்ற மூன்று பெயர்களும் எங்கள் ஆட்கள் வாயில் நுழையவில்லை. இரண்டு நாளில் செத்துப்போயின. என் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. காரணம், அப்போது எங்கள் முன்னால் தட்டில் இருந்தது டீயும் ரஸ்க்கும்.

மூன்று மாதத்தில் வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்டார். நான் ரஸ்க்காகவே இருந்துவிட்டேன். கேண்டீனில் ரஸ்க், கேட்டில் ரஸ்க், அண்ணனூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கையில் ரஸ்க். குத்தம்பாக்கத்தில் என் கல்யாணம் நடந்தபோது நண்பர்கள் வாழ்த்து மடல் அச்சடித்துப் பந்தலில் கொடுத்தார்கள். ‘அன்பு அண்ணன் ரஸ்க் அவர்களின் இல்லற வாழ்வு சிறக்க’ என்று தடித்த எழுத்தில். மாமனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என் அம்மாவிடம் போய், “மாப்ள மிஷின் கம்பெனின்னு தானே சொன்னீங்க? பேக்கரியா?” என்று கேட்டார். என் மனைவி அன்றைக்கே ஒரு முடிவெடுத்தாள். என்னை அவள் எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் கூப்பிடுவாள், அந்தப் பெயரால் கூப்பிடமாட்டாள்.

இதற்கு அடுத்த வருஷம் மிஷின் செய்த கம்பெனி நடத்தும் பத்திரிகைக்குப் படம் பிடிக்க ஆள் வந்தது. உலகத்தில் எங்கெல்லாம் அந்த மிஷின் ஓடுகிறதோ அங்கெல்லாம் வேலை செய்பவர்களின் படத்தை வழவழ தாளில் போடுவார்களாம். மிஷின் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் பிடித்தார்கள். பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா மாமே இதுக்குப் போயி யோசிச்சிகினு கீற?” என்று லேத்து பேனாவைப் பிடுங்கினான். “ரஸ்க்குனு போட்டாத்தான் அந்தத் தொரைக்கு உன்ன ஞாபகம் வரும்.” போட்டுவிட்டான்.

நான்கு மாதம் கழித்து கம்பெனி முகவரிக்கு, ‘திரு. ரஸ்க், அம்பத்தூர், மெட்ராஸ்’ என்று ஒரு கடிதம் வந்தது. சாய்வான கையெழுத்தில் அழகான ஆங்கிலம். நான் ஐ.டி.ஐ. படித்தவன், அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் புரிந்துகொண்டேன்.

எழுதியவர் ஸ்வீடனில் ஒரு சிறிய ஊரில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது அங்கே கிடந்த பத்திரிகையில் என் படத்தைப் பார்த்திருக்கிறார். அவருடைய குடும்பப்பெயரும் ரஸ்க். அந்தப் பெயர் உள்ளவர்கள் வேறு ஊர்களில் உண்டு. ஆனால் அவர்கள் கிளையில் ஒருகாலத்தில் சர்ச் நிறைய இருந்தவர்கள், இப்போது அவரும் அவர் தம்பியும்தான் மிச்சம். இரண்டு பேருக்கும் கல்யாணமில்லை, பிள்ளைகளில்லை. அவருடைய தாத்தாவின் அண்ணன் கப்பலில் வேலைக்குப் போனவர். கடைசியாக அவர் போட்ட அஞ்சலட்டை மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து வந்ததாம். அதற்குமேல் தகவல் இல்லை. ‘இதை நான் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நீங்கள் அவருடைய வழியில் வந்தவராக இருக்கமுடியுமா?’ கூடவே அந்தக் கப்பல்காரரின் படமும் இருந்தது. நல்ல பெரிய மூக்கு.

ஷாப்பில் அன்று வேலை ஓடவில்லை. படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொருவனாகப் பார்த்தான்.

“மூக்கு கொஞ்சம் அப்டித்தான் கீது” என்றான் ட்ரில்லு.

“கலரு?”

“அத்த வெயில்ல வந்ததுனு எழுதிடலாம்.”

ஆவடி மட்டும் என் தோளில் கைபோட்டு ரகசியமாகச் சொன்னான். “உட்டுடாத மச்சான். ஆமானு ஒரு வார்த்தை எழுது. கெழவி டிக்கெட் அனுப்பும். பிளேன்ல போயி பனியப் பாத்துட்டு வா.”

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது என் தப்பு. மனைவி வாங்கிப் பார்த்து விவரம் கேட்டாள். நான் சொல்லிக்கொண்டிருக்கையில் அம்மாவின் காதில் ‘கப்பல்காரன்’, ‘தாத்தா’ என்கிற இரண்டு சொற்கள் மட்டும் விழுந்தன.

“எவன்டா அவன்?” என்று அம்மா முறத்தைக் கீழே போட்டாள். “எங்க மாமியாவும் அதுக்கு மாமியாவும் வயல்ல நாத்து நட்டுக்கினு கிடந்தவங்க. அவங்க கப்பலப் பாத்தாங்களா, கடலப் பாத்தாங்களா? அந்தப் பொம்பள எங்க ஊட்டு மானத்த வாங்க அங்கேந்து எழுதுதா?”

“அந்தம்மா தப்பா எதுவும் கேக்கலம்மா.”

“வேற எப்டிக் கேக்கணும்? பேசாம நான் சொல்றத எழுது.” அம்மா சொன்னதை என்னால் எந்த பாஷையிலும் எழுதமுடியாது.

உண்மையைச் சொல்வதானால், பிளேன் ஆசை எனக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ‘எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவர் கடலிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்’ என்று ஒரு வரி எழுதியும் விட்டேன். எழுதியபிறகு அந்த அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தேன். கோடு போடாத தாளில், ஒரு வரிகூடக் கோணாமல் எழுதியிருந்தார். அப்படி எழுதுகிறவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. தாளைக் கிழித்துப்போட்டேன். ஒரே பெயரில் நான்கு பேர், எண்ணெய்க் குழாய், பம்பு பட்டன், டீயோடு வந்த ரஸ்க் எல்லாவற்றையும் நடந்தபடி எழுதி, தங்களை ஏமாற்ற நினைக்கவில்லை, மன்னிக்கவும் என்று முடித்து அனுப்பினேன்.

ஒரு மாதமாயிற்று. பதில் இல்லை. இரண்டு மாதமாயிற்று. இந்த வயதில் சொந்தம் கிடைத்தது என்று நம்பியவரிடம் தின்பண்டக் கதையைச் சொல்லி மனதை உடைத்துவிட்டேனே என்று கேண்டீனில் ரஸ்க்கைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் தடிமனான உறை வந்தது. பயந்துகொண்டே பிரித்தேன். கடிதத்தைப் படித்து அவரும் தம்பியும் சிரித்த சிரிப்பில், தம்பி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பதில் தாமதமானதற்குக் காரணம், அவர் சர்ச் பதிவேடுகளைத் தோண்டிப் பார்க்கப் போயிருந்தது.

‘எங்கள் முன்னோரும் ரஸ்க்காகப் பிறக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரும் பட்டாளத்துக்கு ஒரு ஆள் கொடுத்து, அவனுக்குக் குடியிருக்கச் சின்ன வீடும் தோட்டமும் கொடுக்கவேண்டும். பட்டாளப்பெயர் அந்த இடத்தோடு ஒட்டியது. முதல் ரஸ்க் காய்ச்சலில் இறந்ததும், சம்பந்தமே இல்லாத வேறொரு ஊர்க்காரன் அந்த வீட்டுக்கு வந்தான். வீட்டோடு பெயரையும் எடுத்துக்கொண்டான். அவன்தான் இவர்களுடைய முன்னோர். பிறகு பிள்ளைகளில் பாதிப்பேர் இன்னார் மகன் என்று அப்பா பெயருக்கே திரும்பிவிட்டார்கள். பெண்கள் கல்யாணமாகிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அப்படித்தான் தேய்ந்துபோயிற்று.

‘அவர் வேகமானவர் என்று பதிவேட்டில் எங்கும் இல்லை. ஒரு அணிவகுப்புக்குத் தாமதமாக வந்து தண்டனை பெற்றதாக மட்டும் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு இந்தப் பெயர் முறைப்படி வந்திருக்கிறது. தொந்தரவில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.’

ஸ்டோர் ரூமில் தனியாக நின்று படித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முறைப்படி என்கிற அந்தச் சொல்லை என்னைப் பார்த்து அதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்போது மனைவி மாசமாக இருந்தாள். பிறக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயரைப் பின்னால் சேர்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

“புள்ளைக்கா?” என்றாள். “ஸ்கூல்ல டீல முக்கித் துன்னுடுவாங்க. பரவால்லையா?”

பேசிப்பேசிக் கடைசியில் ஒரு எழுத்துக்கு இறங்கிவந்தாள். பெண் பிறந்தது. இனிஷியலாக என் பெயரின் எழுத்தைப் போட்டு, அதற்கு முன்னால் ஒரு ‘ஆர்’ சேர்த்துப் பதிவு செய்தேன். முகப்பேரில் ஸ்கூலில் சேர்க்கும்போது கிளார்க் அம்மா, “ஆர்னா என்ன சார், தாத்தா பேரா, ஊர் பேரா?” என்று கேட்டார். நான் சொன்னதும், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டீச்சரம்மாவுக்கும் எனக்கும் வருஷத்துக்கு இரண்டு கடிதம் என்று பல வருஷம் போய்க்கொண்டிருந்தது. மகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னி அனுப்பினார். அம்பத்தூர் வெயிலில் அதை அவள் பொம்மைக்குப் போட்டுவிட்டாள். பிறகு ஒரு தை மாதத்தில், தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அக்கா அமைதியாகப் போய்விட்டார் என்று நான்கு வரி. அதன் கீழே, பதிவேடு பார்த்துத் தானே வரைந்த குடும்ப மரம். மேலே அந்தப் பட்டாளத்துக்காரர். கிளைகள் ஒவ்வொன்றாக முடிந்துபோய், கீழே இடதுபக்கம் அவர் ஒருவர். வலதுபக்கம் தனியாக மூன்று பெயர்: நான், மனைவி, மகள், மூன்றுக்கும் பின்னால் ரஸ்க். ‘இப்போது பெரும்பான்மை அம்பத்தூரில் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார்.

அன்று வேலைக்குப் போகவில்லை. படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாகூட, “பாவம், தம்பி ஒண்டியாப் பூட்டாரு” என்றாள். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். அவள் பெயரில் விரல் நின்றது.

“எம்பேர யாரு சேக்கச் சொன்னா? எங்கப்பா பேரு என்னாவுறது? ரெண்டுன்னு திருத்தி எழுதி அனுப்பு.”

“அந்தாளே துக்கத்துல இருக்காரு.”

“துக்கம் விசாரிச்சிட்டே எழுது.”

அப்படியே எழுதினேன். அவர் திருத்தி வேறு படம் அனுப்பினார். அதில் மனைவி, அவள் அப்பா பெயரோடு, குத்தம்பாக்கம் என்று ஊரும் போட்டு, என் பக்கத்தில் தனிக் கட்டத்தில் இருந்தாள். அந்தப் படத்தைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினோம்.