உருண்டோடிய எலுமிச்சையும் கேரவனின் இரண்டு டயர்களும்

என் மனைவி வசந்தி, இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா பகுதியில், ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, ஒன்பது வருடமாகப் பராமரிக்கிறாள். தினமும் காலை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். இந்த ஓகஸ்டில் சிஞ்ஞோராவின் மகள் வந்து நின்றதால், வசந்திக்கு முதன்முதலாக முழுசாக ஒரு கிழமை, ஏழு நாள், விடுமுறை கிடைத்தது. அந்தக் கிழமை ஹோட்டல் வாடகை கேட்டால் தலை சுற்றும். ஆகவே நகரோரச் சியாகுல்லியில் மந்தரின் தோடை மரங்களுக்கு நடுவே வருடக்கணக்காகச் சும்மா நின்ற, படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள பழைய கேரவன் ஒன்றை வாங்கினேன். காருக்குப் பின்னால் கொழுவி, 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சான் வீத்தோ கடற்கரைக்குப் போவதாகத் திட்டம்.

அதிகம் ஓடாத வண்டி என்பதால் டயர்களின் பள்ளங்கள் புதுசு போலவே ஆழமாக இருந்தன. நானும் காற்றடித்து, வெளிப்பக்கம் கறுப்புப் பொலிஷ் பூசி, ஒரேத்தோவில் எங்கள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்தேன்.

திங்கள் காலை புறப்படும் நேரம். வண்டிச் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைக்காமல் வசந்தி வண்டி ஏறமாட்டாள். இங்கே கையில் கிடைத்தது சிசிலியின் பெரிய எலுமிச்சை. வைத்த இடத்தில் நிற்காமல் அது வண்டிக்கு அடியில் உருண்டோட, எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, ரயரின்ரை உள்பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ. பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு.”

“பழசெண்டால் அப்பிடித்தான். மெல்லமாப் போவம். நீர் சும்மா பயப்பிடுறீர்.”

“பிள்ளையள் பின் சீற்றில இருக்கினம். நான் ஏறமாட்டன்.”

பக்கத்துத் தெரு டயர்க்கடைக்காரர் வந்து பெருவிரலால் அழுத்தினார். வெடிப்பு வாய் பிளந்தது. டயரின் பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: முதல் இரண்டும் தயாரித்த வாரம், மற்ற இரண்டும் வருடம். பதினொரு வயதான எங்கள் மூத்த மகளைவிட அந்த டயர் பழசு.

அதே அளவில் கார் டயர் இரண்டு உடனே இருந்தது, ஒன்று 55 யூரோ. எனக்கு வாயூறியது. அன்றே போய்விடலாமே!

“எவ்வளவு பாரம் தாங்குமெண்டு முதல்ல கேளுங்கோ,” என்றாள் வசந்தி.

ஒரு டயர் தாங்குவது 600 கிலோ, இரண்டும் சேர்ந்து 1200. கேரவன் முழுப் பாரத்தோடு 1300 கிலோ. சரியானது 850 கிலோ தாங்கும் வான் டயர். அதன் விலை 95 யூரோ, மறுநாள்தான் வரும். மறுநாளோ அவர் கடை விடுமுறைக்குப் பூட்டும் நாள்.

“அப்ப ஒரு நாள் போகுதே, வசந்தி.”

“போனாப் போகட்டும். மிச்ச நாள் இருக்குத்தானே.”

எங்கள் முகத்தைப் பார்த்த அந்த மனிதர், இத்தாலிய மொழியில், “நாளைக் காலை எட்டு மணிக்கு வாருங்கள், திறக்கிறேன்,” என்றார். சொன்னபடியே திறந்தார். டயர்களைப் பூட்டிக் கொடுத்ததற்கு மேலதிகமாக ஒரு சதமும் கேட்கவில்லை. வழிக்கென்று வசந்தி பொரித்த ரோல்ஸில் பாதியைப் பிள்ளைகள் அவரிடம் கொடுத்தார்கள். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

கேரவன் வாங்கப் போகிறீர்களா? பள்ளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், நான் ஏமாந்தேன். குனிந்து உள்பக்கம் பாருங்கள், வருடத்தைப் படியுங்கள். வண்டிப் புத்தகத்தில் எழுதிய அளவும், பாரம் தாங்கும் எண்ணும் இரண்டும் பொருந்த வேண்டும். சோடியாகவே மாற்றுங்கள், உதிரி டயரையும் மறக்காதீர்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திச் சில்லு நட்டுகளை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் நடுவில் பலெர்மோவில் கடை தேடும் நிலைமையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டரை மணி நேரத்தில் சான் வீத்தோ போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஒன்பது மணி தாண்டியும் வசந்தி எழும்பவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் சுடவைக்கப் போனேன். கேத்தில் கூவினால் விழித்துவிடுவாள் என்று அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து மெல்லக் கதவைச் சாத்தினேன்.