பளபளத்த பீரோ

ஊட்டி காந்தல் பகுதியைச் சேர்ந்த ஃபாயிஸாவுக்குப் போலீஸ் வேலையில் இரண்டு தகுதிகள் இருந்தன. ஒன்று, சென்னைக்குப் போய்க் கைரேகை எடுக்கப் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்தது. மற்றொன்று, முகம் சுளிக்காமல் பணிவாகப் பேசுவது. இலாகாவுக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது.

சீசனில் ஊட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யாரோ ஓர் அதிகாரிக்குச் சொந்தம். அவர்களைத் தொட்டபெட்டாவுக்கும் படகுத்துறைக்கும் வரிசையில் நிறுத்தாமல் கூட்டிப் போய், வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்து அனுப்புவதற்கு 'விருந்தினர் பணி' என்று மரியாதையான பெயர் வேறு; அது எப்போதும் ஃபாயிஸாவின் தலையில்தான் விழும். ஃபாயிஸாவின் ரேகைப் பெட்டியிலிருந்த மெல்லிய தூரிகையால் ஸ்டேஷன் ரைட்டர் தன் கம்ப்யூட்டருக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

மே மாதம், ஓய்வுபெற்ற டீச்சர் ஜானகியம்மாளின் பீரோவிலிருந்து நகை திருடு போனது. வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்த ஷகீலைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். செய்தி கேட்டபோது ஃபாயிஸா ஓர் அதிகாரியின் கொழுந்தியாளுக்குக் குடை பிடித்து நின்றாள். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, நான் வர்ற வரைக்கும் பீரோவை யாரும் தொட வேண்டாமுங்க. ஷகீல் ஊட்டுக்குள்ளயே போகலைங்கறான். ரேகை பாத்தாத் தெரிஞ்சுருமுங்க."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ அந்தம்மாவைப் படகுல ஏத்தி எறக்கிட்டு வா."

பார்த்துக்கொண்டார்கள். அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பீரோ பளபளவென்று நின்றது. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், இன்ஸ்பெக்டர் காவலர்களை ஏவி வீட்டைக் கூட்டி, பீரோவை ஈரத்துணியால் அழுந்தத் துடைக்க வைத்திருந்தார். திருடனுக்குக்கூட அத்தனை சிரத்தை இருந்திருக்காது. வந்த மேலதிகாரியோ, "வெரி நீட்" என்று பாராட்டிவிட்டுப் போனாராம். இந்தக் கூட்டத்தின்மேல் கோபப்படுவதுகூட வீண். மேலே இருப்பவர் கண்ணில் தூசு படக்கூடாது. இவர்கள் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிரித்த முகமாக இருந்தார். "படகுல போன அந்தம்மா உன்னை ரொம்ப உசத்தியாச் சொன்னாங்களாம். நாளைக்கும் நீதான் போற."

பெஞ்சிலிருந்து ஷகீல் எழுந்து, பெயின்ட் படிந்த கைகளை நீட்டினான்.

"ஏனுங்க மேடம், என் ரேகையை எடுத்துக்கங்க. பீரோவுல இருக்கறதோட வெச்சுப் பாருங்க."

ஃபாயிஸா பெட்டியைத் திறந்து, பத்து விரல்களையும் பிசிறில்லாமல் எடுத்தாள். அவன் முகம் தெளிந்தது.

"இனி ஊட்டுக்குப் போலாமுங்களா?"

அவனை விடுவிக்க இருந்த ஒரே சாட்சியை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள் என்று அவனிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.